கேபின் க்ரூ இன்டர்வியூவில் என்னதான் பார்க்கிறார்கள்?

எனக்கு விமானப் பணிப்பெண் வேலை கிடைத்த விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து தெரிந்த பெண்கள், தெரியாத பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள் என்று எல்லோரும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். ஹைட் எவ்வளவு வேணும்? கலரா இருக்கணுமா? இரண்டாவதுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் கறுப்பு. கல்யாண விளம்பரத்தில் மாநிறம் என்று போடுவார்களே, அதுகூட இல்லை. இன்டர்வியூவில் அதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யூனிஃபார்முக்கு வெளியே தெரிகிற இடத்தில் டாட்டூ இருக்கிறதா, பெரிய தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

உயரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெண்களுக்கு 158 செ.மீ. கேட்கிறது. எமிரேட்ஸில் 160 செ.மீ., அதோடு நுனிக்காலில் நின்று கையைத் தூக்கினால் 212 செ.மீ. எட்ட வேண்டும். நான் போனது சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த ஓப்பன் டேவுக்கு, அதாவது நேரில் வரச்சொல்லி ஆள் எடுக்கிற முகாமுக்கு, ஒரு வளைகுடா நிறுவனத்துடையது, பேர் வேண்டாம். சுவரில் டேப் ஒட்டிக் கோடு போட்டிருந்தார்கள். ஹீல்ஸைக் கழற்றிவிட்டுப் போய் நின்று தொட வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெண் என்னைவிட உயரம், ஆனால் புது பிளேசர் தோளில் இறுக்கிப் பிடித்ததில் கை முழுசாக மேலே போகவில்லை, முகம் வெளுத்துப்போய் நின்றாள். அளவு பார்த்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துக்கொண்டே பிளேசரைக் கழற்றிவிட்டுத் தொடச் சொன்னார், சுலபமாகத் தொட்டுவிட்டாள். எனக்கு நடுவிரல் நுனி கோட்டைக் கொஞ்சம் தாண்டியது. பாவாடை இடுப்பில் சுற்றிக்கொண்டது தனிக்கதை.

இந்த 212 எதற்கு என்றால், தீயணைப்பான், ஆக்ஸிஜன் சிலிண்டர், புகைக்குள் போகும்போது தலையில் மாட்டிக்கொள்கிற உறை மாதிரியான சாமான்கள் பல விமானங்களில் தலைக்கு மேலே இருக்கிற பெட்டிகளில்தான் இருக்கும். அவசரத்தில் ஸ்டூல் தேடிக்கொண்டிருக்க முடியாது. மொத்த இன்டர்வியூவிலும் எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்ட சோதனை இதுதான், ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் சுவரைக் காட்டிவிடலாம். வேடிக்கை என்னவென்றால் 1930இல் எல்லன் சர்ச் என்கிற நர்ஸ் அமெரிக்காவில் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட்டில் முதல் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தபோது கணக்கே தலைகீழ். ஐந்தடி நான்கு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஒல்லியாக இருக்க வேண்டும், நர்ஸாக இருக்க வேண்டும், கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது. விமானமே அத்தனை சின்னது.

கல்யாணம் என்றதும் எங்கள் அத்தை ஞாபகம் வருகிறது. "கட்டிக்கிட்டா வேலையை விட்டுத் தூக்கிருவாங்களாமே" என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆரம்பிப்பார். அத்தை சொல்வது முழுக்கக் கற்பனை இல்லை. ஏர் இந்தியாவில் ஏர் ஹோஸ்டஸ்கள் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தாலோ, முதல் குழந்தை உண்டானாலோ வேலை போய்விடும், அதெல்லாம் இல்லாவிட்டாலும் 35 வயதில் ஓய்வு என்று விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் கர்ப்பம் பற்றிய விதியைத் தூக்கிப் போட்டது, ஆனால் அந்த நான்கு வருடக் கல்யாணத் தடையைச் சரி என்றே விட்டுவிட்டது. அத்தையிடம் இதை விளக்கினேன். "அதான் நானும் சொல்றேன்" என்றார்.

சரி, கோச்சிங் விஷயத்துக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். திருச்சியில் ஒரு அகாடமிக்குப் போய் ஃபீஸ் விசாரித்தேன். லட்சத்துக்கு மேல் சொன்னார்கள், தவணை உண்டாம், வேலைக்கு முழு உத்தரவாதமாம். நான் அப்போது ஒரு ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷனில் சேல்ஸில் இருந்தேன், தவணைகூடக் கட்ட முடியாது, வந்துவிட்டேன். ஓப்பன் டேயில் வரிசையில் நிற்கும்போதுதான் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தேன். ஒரே மாதிரிக் கொண்டை, ஒரே சிவப்பு லிப்ஸ்டிக், உட்கார்ந்தால் கால்களை ஒரே பக்கம் சாய்த்து வைப்பது. அதையாவது விடலாம், பதிலும் ஒன்றுதான். ஏன் இந்த வேலை என்று கேட்டதற்கு அடுத்தடுத்து மூன்று பேர் சின்ன வயதில் ஆகாயத்தில் விமானத்தைப் பார்த்துக் கையசைத்ததாகச் சொன்னார்கள். மூன்றாவது பெண் சொல்லும்போது கேட்டவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பாவம், அந்தப் பெண்கள் மேல் தப்பில்லை, வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டிய பணமாகக்கூட இருக்கும். ப்ளஸ் டூ படித்து, வயது சரியாக இருந்து, ஆங்கிலம் தடங்கல் இல்லாமல் பேச வந்தால் பெரும்பாலான இடங்களில் நேராகவே விண்ணப்பிக்கலாம். விமானத்தைக் காலி செய்வது, தீயை அணைப்பது, முதலுதவி எல்லாம் சேர்ந்த பிறகு நிறுவனமே சொல்லித்தரும். அகாடமி சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று என்னிடம் எந்த மேஜையிலும் கேட்கவில்லை.

பணம் கட்டியும் வராதது குரூப் டாஸ்க். எங்கள் குழுவுக்குக் கொடுத்தது இது: ஹோட்டலில் இரண்டு அறைதான் காலி, வந்திருப்பது ஐந்து பேர், ஒரு கர்ப்பிணி, ஒரு முதியவர், தேனிலவு ஜோடி, அடிக்கடி வந்து தங்குகிற ஒரு பிசினஸ்மேன். யாருக்கு அறை? சரியான விடை என்று ஒன்றும் கிடையாது. ஒரு பையன் அருமையான ஆங்கிலத்தில் முழு நேரமும் அவனே பேசி, அவனே முடிவு பண்ணி, எங்கள் எல்லோர் சார்பிலும் அவனே அறிவித்தான். பக்கத்தில் ஒரு மணிப்பூர்ப் பெண் அதிகம் பேசவில்லை. நேரம் முடியப்போகிறது என்று ஞாபகப்படுத்தினாள், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்து நீ என்னமோ சொல்ல வந்தாயே என்று கேட்டாள். அடுத்த சுற்றுக்குப் படித்த பெயர்களில் அவள் இருந்தாள், அவன் இல்லை. ஹாலுக்கு வெளியே வந்து இது அநியாயம் என்று போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். எனக்கு அநியாயமாகத் தெரியவில்லை. நடுவானில் இரண்டு சாப்பாட்டு வண்டியை எதிரும் புதிருமாகத் தள்ளிக்கொண்டு போகிற இடத்தில் அவனோடு பதினாலு மணி நேரம் யார் இருப்பது?

ஃபைனல் இன்டர்வியூவில் கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தாய் என்று கட்டாயம் கேட்பார்கள். நான் பட்டுப்புடவைக் கதையைச் சொன்னேன். கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு முந்தியில் மஞ்சள் கறையோடு ஒரு அம்மா புடவையைத் திருப்பிக் கொண்டுவந்து, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று கடையே அதிரச் சத்தம் போட்டார். நான் மறுத்துப் பேசவில்லை, உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்தேன், புடவையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அவரையே பார்க்கவைத்தேன், கடைசியில் மாற்றித் தர முடியாது, எங்கள் செலவில் டிரை வாஷுக்குக் கொடுக்கிறோம் என்று பேசி முடித்தோம். அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை, தோண்ட ஆரம்பித்தார்கள். அந்த அம்மா சரியாக என்ன வார்த்தை சொன்னார்? அப்போது உனக்குக் கோபம் வந்ததா? சூபர்வைசர் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்? கறை போகாமல் இருந்திருந்தால்? எழுதிக்கொண்டே இருந்தார்கள். நடக்காத கதையாக இருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டியிருப்பேன். அதனால் ஹோட்டல், மருத்துவமனை, கால் சென்டர், ஜவுளிக்கடை, எங்கே வேலை பார்த்திருந்தாலும் அங்கே நிஜமாகச் சண்டை போட்ட ஒரு ஆளை ஞாபகம் வைத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் காத்திருப்பு. கோல்டன் கால் என்று சொல்வார்கள், தேர்வானதைச் சொல்கிற போன். எடுக்காவிட்டால் பெரும்பாலும் ஒரு மெயில் வரும், காரணம் இருக்காது, அதுதான் இதில் எனக்குப் பிடிக்காதது. நல்லாப் படித்து, நல்லாப் பேசி, எல்லாச் சுற்றும் தாண்டியவர்கள்கூட எதில் விட்டோம் என்று தெரியாமல் மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் போன் வந்தபோது கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம், ஒரு வார்த்தையும் சரியாகக் காதில் விழவில்லை, டிரையல் ரூமுக்குள் போய் நின்றுதான் பேசினேன். இப்போது மெடிக்கல் முடிந்துவிட்டது, போலீஸ் கிளியரன்ஸுக்குக் காத்திருக்கிறேன். போன வாரம் அந்த அகாடமியிலிருந்து போன். என் போட்டோ ஒன்று வேண்டுமாம், ஃபிளெக்ஸில் போட. நான் உங்களிடம் படிக்கவே இல்லையே சார் என்றேன். "என்கொயரிக்கு வந்தீங்கள்லம்மா" என்றார்.