மாஸ்டர் தந்த 'அலைட்'

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த மாஸ்டருக்கு 'கெட் டவுன்' என்று எழுதினால் பிடிக்காது. "பஸ்ஸால இறங்கினன் எண்டதை அப்பிடியே இங்கிலீஷில வைக்கிறியள் பிள்ளையள். வெள்ளைக்காரன் 'கெட் ஆஃப்' எண்டுதான் சொல்லுவான். இன்னும் வடிவான சொல் 'அலைட்'" என்பார். அவருடைய தகப்பனார் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்து ஊர் திரும்பிய பென்ஷனியர். அந்தக் காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிளார்க்குகளாகவும் எங்கள் ஊரவர் எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள். மாஸ்டருக்கு இந்தச் சொல் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

நாங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான். யாழ்தேவி ரயிலில்கூட ஒருவர் வாயிலும் அதைக் கேட்டதில்லை.

சிங்கப்பூர் வந்த பிறகு பார்த்தால், இங்கே அது தெருப் பேச்சு! 1987 நவம்பரில் இயோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் இடையே முதல் எம்.ஆர்.டி. ரயில் ஓடியது. இன்று எந்த நிலையத்திலும் இறங்குபவர்களுக்கு வழி விடச் சொல்லும் அறிவிப்பில் இந்தச் சொல் இருக்கிறது. இங்கிலாந்தில் பெரும்பாலும் ரயில் அறிவிப்போடு நின்றுவிட்ட சொல்லை இங்கே சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் 'அலைட்' பண்ணு என்று நண்பர் போனில் சொன்னபோது எனக்கு மாஸ்டரின் குரலே கேட்டது.

ஆனால் இங்கே வளரும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது இந்த ஒரு பொருள்தான். மாஸ்டர் அதோடு விடவில்லை. பழைய ஆங்கிலத்தில் இதன் வேர் பாரத்தைக் குறைப்பது. குதிரையில் இருந்தவன் இறங்கினால் குதிரைக்குப் பாரம் குறையும், கனமில்லாததைச் சொல்லும் 'லைட்' அதில் இருக்கிறது என்று விளக்குவார். தீப்பற்றி எரிவதைச் சொல்லும் 'அலைட்' வேறு. அது வெளிச்சத்தின் 'லைட்'டிலிருந்து வந்தது, இரண்டையும் குழப்பக் கூடாது. அப்புறம் பறவைக்கு வருவார். வாகனத்திலிருந்து இறங்கினால் 'ஃப்ரம்', பறவை கிளையில் வந்து அமர்ந்தால் 'ஆன்'. மன்னார்ப் பக்கம் பூநாரைகள் வந்திறங்குவதைக் கைகளை விரித்து, மெதுவாக மடக்கிக் காட்டுவார். தேடாமலே ஒன்றில் கண் போய் நின்றாலும் அதே சொல். தமிழில் 'வந்திறங்கு' என்னும்போது பஸ்ஸும் கொக்கும் ஒன்றாய் அடங்குவதுபோல ஆங்கிலத்திலும் அடங்குகிறது என்பது அவருக்குப் பெரிய சந்தோஷம். இறந்தகாலத்தில் 'அலைட்டட்' என்று எழுதச் சொல்வார். 'அலிட்' என்பதும் சரிதான், ஆனால் அருகிய வழக்கு.

இங்குள்ள சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து கரைப்பறவைகள் வரும். வற்றுக் கடல் நேரத்தில் அவை சேற்றில் இறங்குவதைக் காட்டித்தான் என் மகளுக்கு இரண்டாவது பொருளைச் சொல்லிக் கொடுத்தேன். ரயிலுக்கும் பறவைக்கும் ஒரே சொல்லா என்று அவள் நம்பாமல் அகராதியைப் புரட்டிப் பார்த்தாள். பள்ளியில் இதையும் சேர்த்துச் சொன்னால் எவ்வளவு நல்லது.

மாஸ்டரிடம் படித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அவர் தந்த சொற்கள் உங்கள் நினைவிலோ பழைய கொப்பியிலோ இருந்தால், அவர் சொன்ன உதாரணத்தோடு சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மலரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடலாம்.