ஆறு இருக்கை, நான்கு பேர்

விற்பனைத் தாளில் ஆறு இருக்கை என்று போட்டிருந்தால் ஆறு பேரை ஏற்றலாம் என்று நம்பிவிடக் கூடாது. தான்சானியாவின் தார் எஸ் சலாமில் ஒரு சிறிய வாடகை விமான நிறுவனத்தில் செலவுக் கணக்காளனாக இருந்தபோது எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். சான்சிபார், மாஃபியா தீவுகளுக்கும், சில நாட்களில் வடக்கே அருஷாவுக்கும் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோய் விடுவது எங்கள் தொழில். இரட்டை எஞ்சின் பிஸ்டன் விமானம் ஒன்று வாங்க முதலாளி முடிவு செய்தார். எதை வாங்குவது என்று கணக்குப் போட்டுக் காட்டும் வேலை என் மேசைக்கு வந்தது.

முதலாளிக்குப் பீச்கிராஃப்ட் பாரன் 58 மீதுதான் கண். 300 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு, 190 நாட் (மணிக்கு 190 கடல் மைல்) வேகம், பார்க்கவும் அழகு. பட்டியலில் அதோடு பைப்பர் செனகா-5, பார்ட்டனேவியா பி68சி, டைமண்ட் டிஏ42, பிரிட்டன்-நார்மன் ஐலண்டர் என நான்கு விமானங்கள். ஐலண்டர் 1965இல் முதலில் பறந்தது. மடங்காத சக்கரம், பெட்டி போன்ற உடல், 135 நாட்டைத் தாண்டுவதற்கே முனகும். அதைப் பட்டியலில் சேர்த்ததற்கே முதலாளி முகம் சுளித்தார்.

செனகாவிலிருந்து தொடங்கினேன். அதன் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 2155 கிலோ. எங்களுக்குக் காட்டப்பட்ட விமானத்தின் வெற்று எடை 1588 கிலோ. மிச்சம் 567. டாங்கிகளை நிரப்பினால் ஏறத்தாழ 460 லிட்டர். விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ என்று வைத்தால் 331 கிலோ. விமானிக்கு 85 கிலோவைக் கழித்தால் மீதி 151 கிலோ. ஆறு இருக்கை விமானத்தில் விமானியும், பெட்டி இல்லாத இரண்டு பயணிகளும்!

எரிபொருளைக் குறைத்து ஆட்களைக் கூட்டலாமே என்பீர்கள். கூட்டலாம், ஓர் எல்லை வரை. எரிபொருளைச் சேர்க்காமல் விமானம் எவ்வளவு கனக்கலாம் என்பதற்குத் தனி வரம்பு உண்டு. செனகா-5க்கு அது 2032 கிலோ. எரிபொருள் இறக்கையில் இருக்கிறது, ஆட்கள் நடு உடலில் இருக்கிறார்கள். நடுவில் எடை கூடக் கூட இறக்கை வேரில் விழும் வளைவு அழுத்தம் கூடுகிறது. ஆகவே 2032க்கு மேலுள்ள 123 கிலோவை எரிபொருளால் மட்டுமே நிரப்ப முடியும். 2032இல் 1588ஐயும் விமானியையும் கழித்தால் 359 கிலோ. பயணிக்கு 75, மென்பைக்கு 15 என்று நாங்கள் வைத்திருந்த 90 கிலோ அளவுப்படி நான்கு பேருக்கு 360 கிலோ வேண்டும். ஒரு கிலோ இடிக்கிறது. மணிக்கணக்கில் பறக்கும் தூரத்தில் இந்த வரம்பு கண்ணில் படாது. அரை மணி நேரத் தீவுப் பயணத்தில் இதுதான் கழுத்தைப் பிடிக்கும். இந்த வரம்பைத் தரகர்கள் யாரும் தாமாக எடுத்துச் சொன்னதில்லை.

ஒரு மணி நேரப் பயணம், முக்கால் மணி நேர எரிபொருள் கையிருப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைத்தேன். பாரனில் ஐந்து பேர், செனகாவில் அந்த ஒரு கிலோவைப் பையில் குறைத்தால் நான்கு, பி68இல் ஐந்து, டிஏ42இல் மூன்று, ஐலண்டரில் ஒன்பது. ஐலண்டரில் விமானிக்குப் பக்கத்து இருக்கையும் பயணிக்குத்தான். எங்கள் வாடிக்கையாளர்கள் அந்த இடத்துக்குப் போட்டி போடுவார்கள் என்பது வேறு கதை.

அடுத்து எரிபொருள். முதலாளி மணிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் ஐலண்டர் கிட்டத்தட்ட பாரன் அளவுக்கே குடிக்கிறது: ஐலண்டர் 110 லிட்டர், பாரன் 115. வேகமும் குறைவு. கதை முடிந்தது என்று தோன்றும். ஆனால் பயணி டிக்கெட் வாங்குவது மணிக்கணக்குக்கு இல்லை, ஊருக்கு. ஒரு பயணியை ஒரு கடல் மைல் கொண்டுபோக எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டேன். முழுச் சுமையில் ஐலண்டர் 0.09, பி68 0.10, டிஏ42 0.11க்குச் சற்றுக் கீழே, பாரன் 0.12, செனகா 0.125. கடைசியில் இருந்தது முதலிடத்துக்கு வந்துவிட்டது.

வேகத்தின் மதிப்பையும் பார்த்தேன். தார் எஸ் சலாமிலிருந்து சான்சிபார் 40 கடல் மைல். பாரனுக்கு 13 நிமிடம், ஐலண்டருக்கு 18. அந்த ஐந்து நிமிடத்தைப் புறப்பாட்டு வரிசையில் காத்திருக்கும்போதே இழந்துவிடுவோம். அதற்காக மடங்கும் சக்கரத்தையும், 1700 மணி நேரத்தில் முழுதாகப் பிரித்துச் சீரமைக்கும் ஓவர்ஹாலுக்கு நிற்கும் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டையும் பராமரிக்க வேண்டும். ஐலண்டரின் லைக்கமிங் எஞ்சினுக்கு 2000 மணி நேரம், மடக்கும் சக்கரம் என்ற தலைவலியே இல்லை. உப்புக் காற்று வீசும் ஊரில் ஒரு நாளைக்குப் பத்து முறை மடங்கி விரியும் சக்கரம் என்றால் எங்கள் தலைமைப் பொறியாளர் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். உள்நாட்டு ஊரான மோஷியில் பிறந்த மனிதர். புரொப்பல்லர்களைப் பற்றி அவர் சொன்ன எச்சரிக்கையையும் குறித்துக்கொண்டேன். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும் என்ற கெடு அவற்றுக்கு உண்டு. குறைவாகப் பறக்கும் நிறுவனத்தின் மணிநேரச் செலவை ஏற்றிவிடுவது இப்படிப்பட்ட நாள்காட்டிச் செலவுகள்தான்.

ஐலண்டருக்கு மாலை போடுவதற்கு முன் முன்பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். அங்கேதான் என் கணக்கு ஆட்டம் கண்டது. தேனிலவுத் தம்பதி, நான்கு பேர் குடும்பம், இரண்டு குடும்பம் சேர்ந்தால் ஏழு பேர். ஒன்பது பேர் சேரும் நாட்கள் ஜூலையிலும் ஆகஸ்டிலும் டிசம்பர் கடைசியிலும்தான். ஐலண்டரில் ஐந்து பேர் மட்டும் போனால் அந்த 0.09 என்பது 0.16 ஆகிவிடும், பட்டியலிலேயே மோசமான எண். எட்டு பேருக்குக் குறைந்தால் நிரம்பிய பி68 அதை முந்திவிடுகிறது. அதே நேரம் ஆறாவது ஆள் வந்து நின்றால் பி68 இன்னொரு நடை போக வேண்டும்.

பி68இன் கோப்பைப் புரட்டியபோது மகிழ்ச்சியான ஒரு அதிர்ச்சி. இத்தாலியில் லூயிஜி பாஸ்கலே வடிவமைத்த அந்த விமானத்தை உரிமம் பெற்று நம் ஓசூரில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் தயாரித்திருக்கிறது. ஓசூர் வழியாகப் பெங்களூர் பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். சாலைக்கு அப்பால் விமானம் செய்கிறார்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, இந்தியப் பெருங்கடலின் மறுகரையில்தான் தெரிந்துகொண்டேன்.

டிஏ42இன் அதிகபட்ச எடை 1999 கிலோ என்பதும் விசித்திரமாகப் பட்டது. ஐரோப்பாவில் இரண்டு டன்னுக்குக் கீழ் உள்ள விமானங்களுக்கு வான்வழிக் கட்டணம் இல்லை. அந்தக் கட்டணத்துக்குப் பயந்து செனகாவையே 1999 கிலோ என்று காகிதத்தில் குறைத்துப் பதிவு செய்பவர்களும் அங்கே உண்டு. சுமைத்திறனை விற்றுச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். எங்களுக்கு அதில் ஒரு காசு லாபமில்லை. ஆனால் டிஏ42 குடிப்பது ஜெட் எரிபொருள். மணிக்கு 50 லிட்டர்தான். மற்ற பிஸ்டன் விமானங்களுக்கான பெட்ரோல் பீப்பாயில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்ற ஊரில் அது பெரிய வரம். மூன்று பயணிகள் என்ற எல்லை மட்டும் இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைத்திருப்பேன்.

அருஷாவைப் பற்றித்தான் கடுமையாக எழுதினேன். அந்த ஓடுதளம் கடல் மட்டத்துக்கு மேல் 4550 அடி. பிற்பகலில் 28 டிகிரி வெயில் என்றால் காற்று 7200 அடி உயரத்தில் இருப்பதைப்போல் மெலிந்துவிடும். இரண்டு எஞ்சின் இருப்பதால் ஒன்று நின்றாலும் மற்றது தூக்கிக்கொண்டு போகும் என்பது முதலாளியின் நம்பிக்கை; பயணிகளின் நம்பிக்கையும் அதுதான். 2017 வரை இருந்த அமெரிக்க விதிப்படி 2722 கிலோவுக்கு மிகாத, இறங்கும் நிலையில் 61 நாட்டுக்குள் மிதப்பிழக்கும் (அதாவது வேகம் அவ்வளவு குறைந்த பிறகே இறக்கை தூக்குவதை விடும்) விமானம், ஒற்றை எஞ்சினில் ஏறிக் காட்ட வேண்டும் என்ற கட்டாயமே இருக்கவில்லை. எவ்வளவு ஏறும், அல்லது எவ்வளவு இறங்கும் என்று அளந்து சொன்னால் போதுமாக இருந்தது. மெலிந்த காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும் டர்போ உள்ள செனகாவும் டிஏ42உம் இந்த இடத்தில் பாரனையும் பி68ஐயும் மிஞ்சும். மற்றவற்றில் பிற்பகல் நேரத்தில் இரண்டு பயணிகளைக் குறைத்தால்தான் கையேட்டின் வரைபடம் ஆறுதல் தரும் எண்ணைக் காட்டியது. இரண்டு பயணிகளைக் குறைத்தால் அந்தத் தடத்தில் லாபம் போய்விடும்.

பழைய ஐலண்டர் ஒன்றை வாங்கி, தீவுகளுக்கு மட்டும் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டமில்லாத மாதங்களில் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மாஃபியாவிலிருந்து மீன் ஏற்றலாம், இரண்டு பக்கமும் கதவு இருப்பதால் ஏற்றி இறக்குவது எளிது என்றும் சேர்த்தேன். முதலாளி இரண்டு நாள் பாரனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒப்புக்கொண்டார். அருஷா வாடிக்கையாளர்களை, ஜெட் எரிபொருளில் ஓடும் ஒற்றை டர்பைன் செஸ்னா கேரவன் வைத்திருந்த வேறொருவரிடம் கமிஷனுக்கு ஒப்படைத்தோம். அந்தக் கமிஷன் வரவு ஆண்டு முழுவதும் ஏறாமல் இறங்காமல் வந்துகொண்டிருந்தது.