மேல் காந்தாரத்தில் நிற்கப் பழகிய நான்கு மாதம்

ஜூன், முதல் வாரம்

சுசீந்திரத்தில் எங்கள் தெருவில் நவராத்திரிக்கு ஐந்தாறு வீடுகளில் கொலு வைப்பார்கள். சென்ற வருடம் அதில் ஒரு வீட்டில் கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடினேன். பல்லவி, அனுபல்லவி எல்லாம் நன்றாகவே போனது. சரணத்தில் மேல் காந்தாரத்தில், அதாவது மேல் ஸ்தாயியின் "க"வில், போய் நிற்க வேண்டிய இடம். குரல் அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் கழுத்து நரம்பு புடைத்தது, தாடை இறுகியது, கடைசியில் பிசிறடித்து உடைந்தது. மறுநாள் காலையில் பேச்சே கம்மலாகத்தான் வந்தது.

இந்த வருடம் அதே பாட்டை, அதே ஐந்து கட்டைச் சுருதியில், தொண்டை நோகாமல் பாட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு நோட்டு.

என் வேலையையும் சொல்லிவிட வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கணவாய்க் காற்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் சுற்றுகிற அதே காற்று என் வகுப்பு ஜன்னலிலும் வந்து அடிக்கும். பள்ளி திறக்கிற ஜூனில் ஆரம்பித்தால் செப்டம்பர் வரை ஓயாது. அந்த இரைச்சலுக்கு மேலே வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாதகம் (பாட்டுப் பயிற்சி) பண்ணினால் தொண்டை என்ன ஆகும்?

ஜூன், இரண்டாவது வாரம்

பயிற்சி தொடங்கும் முன் நாகர்கோவிலில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினேன். குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, திரையில் எனக்கும் காட்டினார். குரல் நாண்களில் முடிச்சு எதுவும் இல்லை, விளிம்பில் லேசான வீக்கம் மட்டும் இருக்கிறது என்றார். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் யாராக இருந்தாலும் காட்டிவிட வேண்டும் என்றும் சொன்னார். நான் ஒரு வருடமாகச் சுக்குக் காப்பி குடித்தே சமாளித்துக்கொண்டிருந்தேன்.

திரையில் பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. வெள்ளையாக இரண்டு மெல்லிய விளிம்பு. பெண்களுக்கு அதன் நீளம் ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஐந்து கட்டையில் நான் மேல் ஷட்ஜம் (மேல் "ஸ") பிடிக்கும்போது, அந்த விரல்நகம் அளவுச் சதை நொடிக்கு 392 தடவை மோதிப் பிரிகிறது. மேல் காந்தாரத்தில் அது 490. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அதன்மேல் ஒரு பரிவு வந்துவிட்டது. இத்தனை நாள் இதைப் போட்டு அடித்திருக்கிறோமே என்று இருந்தது.

பள்ளிக்கு இடுப்பில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று வாங்கினேன். பிள்ளைகளை அமைதிப்படுத்தக் கத்துவதை விட்டுவிட்டு, ஆதி தாளத்தைக் கையில் தட்டுகிறேன். அவர்களும் சேர்ந்து தட்டி முடிக்கும்போது வகுப்பு அடங்கிவிடுகிறது. பாட்டுக்காகச் செய்ததிலேயே பெரிய மாற்றம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஜூன் கடைசி

பாட்டு டீச்சர் வீட்டில் வகுப்பு. டீச்சருக்கு எழுபது தாண்டிவிட்டது, வீணையும் வாசிப்பார்கள். நான் வழக்கம்போல மேல் ஸ்தாயி வரிசை என்ற ஸ்வரப் பயிற்சியைப் பலமாக எடுத்தேன். நிறுத்தச் சொல்லிவிட்டு வீணையை மடியில் வைத்தார்கள். ஒரு தந்தியை மெதுவாக மீட்டினார்கள். பிறகு அதையே ஓங்கி மீட்டினார்கள்.

"சுருதி ஏறிச்சா மக்ளே?"

"இல்ல டீச்சர். சத்தம்தான் கூடிச்சு."

தந்தியை முறுக்கும் பிருடையைக் கொஞ்சம் திருகினார்கள். மெதுவாகத்தான் மீட்டினார்கள், சுருதி ஏறியது.

"அவ்வளவுதான். நீ மேல போகணும்னு நெனச்சதும் ஓங்கி மீட்டுற. தந்திய முறுக்கணும் மக்ளே. தள்ளாத, மெலிசாக்கு."

தொண்டையிலும் அதேதான் நடக்கிறது. குரல் நாண்களை இழுத்து நீட்டி மெலிதாக்குகிற தசை ஒன்று இருக்கிறது. சுருதியை ஏற்றுவது முக்கியமாக அதன் வேலை. கீழிருந்து மூச்சை அழுத்தித் தள்ளினால் நாண்கள் தடிப்பாகவே நின்று எதிர்க்கும். அப்போது கழுத்தில் உள்ள மற்ற தசைகள் எல்லாம் உதவிக்கு ஓடி வந்து நெருக்கும். சென்ற வருடம் என் கழுத்து நரம்பு புடைத்ததற்குக் காரணம் இதுதான்.

மெலிசாக்கினால் கள்ளக்குரல் (பொய்க்குரல்) ஆகிவிடாதா என்று கேட்டேன். அந்தப் பயம் என்னைப் போல் நிறையப் பேருக்கு உண்டு. "மொதல்ல மெலிசா வரட்டும், அப்புறம் அதுக்குச் சதை பிடிக்கும்" என்றார்கள். எனக்கு அன்றைக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை.

ஜூலை, முதல் இரண்டு வாரம்

உறிஞ்சுகுழல் (ஸ்ட்ரா) வைத்துக் குரல் பயிற்சி. இதைப் பரவலாக்கியவர் இங்கோ டிட்சே என்ற அமெரிக்கக் குரல் ஆய்வாளர். நான் செய்வது இப்படி: ஒரு டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதில் ஒரு சாதாரண ஸ்ட்ரா. உதட்டை இறுக்கமாக மூடிக்கொண்டு, ஸ்ட்ரா வழியாக "ஊ" என்று சுருதி கொடுக்க வேண்டும். தண்ணீர் கொப்பளிக்கும். கீழ் ஷட்ஜத்தில் தொடங்கி மேல் ஷட்ஜம் வரை வழுக்கிக்கொண்டே போய், அதே போல் இறங்க வேண்டும். ஸ்வரம் ஸ்வரமாக ஏறக் கூடாது.

ஸ்ட்ராவின் குறுகலும் தண்ணீரும் காற்றைக் கொஞ்சம் தடுப்பதால் வாய்க்குள் ஒரு எதிர் அழுத்தம் உண்டாகிறது. அது குரல் நாண்களுக்கு மேலிருந்து ஒரு மெத்தை மாதிரி. அவை முட்டி மோதாமல் இலகுவாகச் சேர்ந்து அதிரும். கொப்பளிப்பு ஒரே சீராக இருந்தால் மூச்சு சீராகப் போகிறது என்று அர்த்தம். நான் மேல் ஷட்ஜத்துக்கு முந்தைய நிஷாதத்தை ("நி") தாண்டும்போதெல்லாம் குமிழி திடீரென்று பெரிதாகித் தண்ணீர் தெறித்தது. மூச்சைத் தள்ளுகிறேன் என்பதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், மதிய இடைவேளையில், ராத்திரி. ஸ்ட்ரா இல்லாதபோது உதட்டைத் தளர்த்தி, குழந்தைகள் வண்டி ஓட்டுவது போல "புர்ர்ர்" என்று அதே வழுக்கல். பலன் ஒன்றுதான்.

இன்னொரு பழக்கமும் இந்த மாதம்தான் தொடங்கியது. காலையில் எழுந்து தண்ணீர் குடித்ததும், யாருக்கும் கேட்காத அளவுக்கு மெல்லிசாக, மேல் ஷட்ஜத்தில் ஒரு "ஊ". சுத்தமாக, உடனே ஒலித்தால் நேற்றுச் செய்தது தொண்டைக்கு ஒத்துக்கொண்டது. முதலில் வெறும் காற்று வந்து பிறகுதான் குரல் வந்தால் வீக்கம் இருக்கிறது. சத்தமாகப் பாடினால் வீக்கத்தை மறைத்துவிடலாம், மெல்லிசாகப் பாடும்போது மறைக்க முடியாது. நோட்டில் தினமும் ஒரு கட்டம் போட்டு, வந்ததா இல்லையா என்று குறிக்கிறேன். முதல் பதினான்கு நாளில் நான்கு நாள்தான் சுத்தமாக வந்தது.

ஜூலை கடைசி

இந்த மாதக் கடைசியில் ஒரு தப்புச் செய்தேன். ஒரு சனிக்கிழமை மேல் காந்தாரம் பளிச்சென்று வந்தது. அந்தச் சந்தோஷத்தில் திரும்பத் திரும்ப, முக்கால் மணி நேரம் அந்த ஒரு இடத்தையே பாடினேன். மறுநாள் காலை "ஊ" வரவேயில்லை. கூடவே சளியும் பிடித்தது. ஐந்து நாள் சாதகம் இல்லை.

அந்த நாட்களில் கிசுகிசுத்துப் பேசினேன், அதுவும் தப்பாம். கிசுகிசுப்பு தொண்டைக்கு ஓய்வு கிடையாது என்று டாக்டர் போனில் சொன்னார். பேசவே கூடாது, பேசினால் மெதுவான சாதாரணக் குரலில் பேச வேண்டும். செருமுவதையும் நிறுத்தச் சொன்னார். செருமல் வரும்போது ஒரு மிடறு வெந்நீர் விழுங்குகிறேன்.

ஆகஸ்ட்

ஆடி மாதம் பக்கத்து ஊர் இசக்கியம்மன் கோவில் கொடை (திருவிழா). வில்லுப்பாட்டுக்காகவே போனேன். குடம், உடுக்கை, தாளம் எல்லாம் சேர்ந்து ஒலிக்க, நடுவில் ஒரு அக்கா வீசுகோலால் வில்லை அடித்துக்கொண்டு பாடினார்கள். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கியது. இரண்டு மணிக்கும் குரலில் ஒரு கீறல் இல்லை.

முன்வரிசையில் உட்கார்ந்து அவர்களின் கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சத்துக்குப் போகும்போது மோவாய் மேலே தூக்கவேயில்லை. நான் கண்ணாடி முன் பாடினால் நிஷாதத்துக்கு முந்தைய தைவதத்திலேயே மோவாய் வானத்தைப் பார்க்கும். இன்னொன்று, அவர்கள் ஒரு வரியை விட்டதும் இடப்பக்கம் இருப்பவர்கள் அதை வாங்கி முடிக்கிறார்கள். அந்த ஒரு வரி நேரத்தில் தோளைத் தளர்த்தி, மூச்சு எடுத்து, அடுத்ததற்குத் தயாராகிவிடுகிறார்கள்.

இடைவேளையில் சாயா குடிக்கும்போது கேட்டேன். "ஆரம்பத்துல அடக்கித்தான் பாடணும் பிள்ளே. வீறிட்டுக் கத்துனா வெள்ளி முளைக்கதுக்கு மின்ன தொண்ட போயிரும்" என்றார்கள். டீச்சர் சொன்னதேதான், ஆனால் ராத்திரி முழுக்கப் பாடுகிற ஒருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது.

வீட்டுக்கு வந்து மூன்று விஷயம் மாற்றினேன். போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருந்தால் முதுகு கூனாது, விலா விரியும். குரல்வளை மேட்டில் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு பாடினேன். எச்சில் விழுங்கும்போது ஏறுவது போல அது ஏறினால் நிறுத்திவிட்டு மறுபடி. மூன்றாவது, குரலின் கனத்தைக் குறைக்கத் தொடங்குகிற இடம்.

இந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். நான் பேச்சுக் குரலின் கனத்தோடு நிஷாதம் வரை ஏறிவிடுவேன். பிறகு அங்கே முட்டிக்கொண்டு, ஷட்ஜத்தில் திடீரென்று மெலிசாக்கப் பார்ப்பேன். அதனால்தான் அந்த இடத்தில் ஒரு படி தெரியும். பெண்குரல் தன் கனத்தை மாற்றிக்கொள்ளும் முதல் இடம் நொடிக்கு ஏறக்குறைய 330, 350 அதிர்வு பக்கம் இருக்கிறது. ஐந்து கட்டையில் அது தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவில். ஆகவே தைவதத்துக்கு முந்தைய பஞ்சமத்திலேயே குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இலேசாக்கிக்கொண்டே போக வேண்டும். மாயாமாளவகௌளை ராகத்தில் மேல் ஸ்தாயி வரிசையை இப்படி, மெதுவான முதல் காலத்தில் மட்டும், பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில் பாடினேன். ஆகஸ்ட் இருபதுக்குள் அந்தப் படி மறைந்துவிட்டது. எந்த இடத்தில் மாறியது என்று பதிவைக் கேட்டு என்னாலேயே சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அழுதேன்.

செப்டம்பர், முதல் வாரம்

வரிசையில் வருகிறது, "ஊ"விலும் "ஆ"விலும் வருகிறது. பாட்டில் மட்டும் வர மாட்டேன் என்கிறது. நான்கு நாள் குழம்பிவிட்டு சாகித்தியத்தை, அதாவது பாட்டின் வரிகளைப் பார்த்தேன். மேல் காந்தாரத்தில் நிற்கும் எழுத்து "நீ".

கோளாறு அந்த "ஈ"யில்தான். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது நிறைய நிறைய ஓசை மேலே ஏறும், கேட்டிருப்பீர்கள். குடத்துக்குள் இருக்கும் இடத்தின் அளவுக்குத் தகுந்தபடி அது முழங்குகிறது. வாயும் அப்படித்தான், ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் அது முழங்குகிற சுருதி வேறு. "ஈ"யில் வாய் இலகுவாக முழங்குவது 300, 400 பக்கம். குரல் அதைத் தாண்டி 490-க்குப் போகும்போது வாய் துணைக்கு வராது. அந்தக் குறையை ஈடுகட்டத் தொண்டை நெருக்குகிறது. வாயைக் கொஞ்சம் திறந்தால் முழக்கமும் கூடவே மேலே ஏறும்.

அதனால் "நீ" என்று தொடங்கி, நிற்கும்போது தாடையைத் தளர்த்தி "ஏ" பக்கம் ஒரு நூல் அளவு நகர்த்தினேன். பக்கவாட்டில் இளித்தால் பயனில்லை, கீழ்நோக்கித் திறக்க வேண்டும். நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். பாடுகிற எனக்கு "நே" என்று காதில் விழுகிறது. போனில் பதிந்து கேட்டால் "நீ" என்றுதான் கேட்கிறது. டீச்சருக்கு உச்சரிப்பு கெட்டால் பொறுக்காது. அவர்களே ஒன்றும் சொல்லவில்லை. "இப்ப சதை பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்கள்.

செப்டம்பர், நவராத்திரிக்கு முன்

முன்னுதித்த நங்கையம்மன் எங்கள் கோவிலில் இருந்து புறப்பட்டாயிற்று. பத்மநாபபுரம் சரஸ்வதியோடும் வேளிமலைக் குமாரசுவாமியோடும் சேர்ந்து திருவனந்தபுரம் நவராத்திரிக்குப் போவது இங்கே வருடா வருடம் நடக்கிற எழுந்தருளல். சின்ன வயதிலிருந்தே அம்மன் புறப்படுவதுதான் எனக்கு நவராத்திரி தொடக்கம். தெருவில் நின்று கும்பிட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்: கடைசிப் பதினான்கு கட்டங்களில் பன்னிரண்டு நாள் "ஊ" சுத்தம்.

நவராத்திரி, மூன்றாம் நாள்

பாடினேன். பாடுவதற்கு முன் அந்த வீட்டு அடுக்களையில் நின்று ஐந்து நிமிடம் ஸ்ட்ரா. பல்லவியை வேண்டுமென்றே அடக்கித் தொடங்கினேன். சரணத்தில் மேல் காந்தாரம் மூன்று தடவை வரும். முதல் தடவை வந்தது, நின்றது. இரண்டாவது தடவை மோவாய் ஏறிவிட்டது, பாதியில் உணர்ந்து இறக்கினேன், சுருதி ஒரு நொடி தளும்பிச் சேர்ந்தது. மூன்றாவது நான் விரும்பிய அளவு நின்றது. இன்னும் நிற்கலாம் என்று தோன்றும்போதே விட்டு இறங்கினேன். மேல் பஞ்சமம் இன்னும் நூலாகத்தான் இருக்கிறது, அதை யார் முன்னாலும் பாடும் அளவுக்கு வரவில்லை. தை மாதம் வரை அதற்கு நேரம் கொடுத்திருக்கிறேன்.

கொலு வீட்டு மாமி சுண்டல் கொடுத்துவிட்டு, "போன வருசம் பாடினதும் இதே பாட்டுதானா?" என்று கேட்டார்கள்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு, இருட்டிலேயே அடுக்களையில் நின்று மேல் ஷட்ஜத்தில் "ஊ". உடனே வந்தது. கட்டத்தில் குறித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.