மாந்தம் என்று தள்ளிவிட வேண்டாம்

மதுரைப் பக்கம் அரிசிச் சோறே முதன்மை என்பதால் சீலியாக் நோய் நம் பிள்ளைகளுக்கு வராது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ரவை உப்புமா, ரஸ்க், பிஸ்கட், ஏன், மைதா கலந்த பெருங்காயத்தில்கூட, அந்நோயைத் தூண்டும் குளூட்டன் என்னும் கோதுமைப் புரதம் உண்டு. மரபுவழியாக வாய்ப்புள்ள குழந்தையின் நோயெதிர்ப்பாற்றல், அதற்கு எதிராகக் கிளம்பித் தன் சிறுகுடலில் உணவுச் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகளையே சிதைக்கிறது.

வாரக்கணக்கில் நீளும் வயிற்றுப்போக்கு (சிலருக்கு மலச்சிக்கல்), உப்பிய வயிறும் மெலிந்த கைகால்களும், ஏறாத எடை, ஓயாத சிணுங்கல், இரும்புச்சத்து மருந்துக்கும் தீராத இரத்தசோகை ஆகியவற்றைக் கண்டால் குழந்தை மருத்துவரிடம் இந்நோயைக் கண்டறிய உதவும் டிடிஜி (tTG) இரத்தப் பரிசோதனை குறித்துக் கேளுங்கள்.

அதற்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள் என்று மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தினால், நோய் இருந்தும் பரிசோதனையில் தென்படாமல் போகலாம். நோய் உறுதியான பின் கோதுமைக்குப் பதிலாக இட்லி, கேழ்வரகுக் கூழ், கம்பஞ்சோறு எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். மாவு அரைக்கும் மில்லில் மட்டும் கோதுமை கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.