பச்சை உடம்பும் பாசிக் கடலும்

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் குழந்தையின் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள், அடுத்து தாயின் வயிற்றைப் பற்றி. "இன்னும் ஆறு மாதக்காரி மாதிரியே இருக்கிறாயே, துணி இறுக்கிக் கட்டவில்லையா?" பாம்பன், மண்டபம் கரையோர ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போகும் என் காதில் இது வாசலிலேயே விழும். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தப் பேச்சை நான் வெறுக்கிறேன்.

கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறக்குறைய 6 வாரம் ஆகும். வயிற்றுத் தசை சேர இன்னும் கூடுதல் காலம் வேண்டும். மூன்றாம் மாத வாக்கில் முடி கொத்தாக உதிரும், பிறகு தானாக நிற்கும். இதை முன்கூட்டியே சொல்லிவைக்க எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது?

உடம்பைப் பற்றிய கவலை வசதியான வீட்டுப் பெண்களுக்குத்தான் என்று நினைப்பவர்கள் எங்கள் துறையிலும் உண்டு. அவர்கள் கடற்பாசி எடுக்கும் பெண்களோடு பேசிப் பார்க்க வேண்டும். முகக்கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கிப் பாறைகளில் பாசி பறிப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு உடம்புதான் படகும் வலையும். அப்படி ஒருத்தி, அறுவைப் பிரசவமானவள், என்னிடம் சொன்னாள்: "குனிந்தாலே தையல் இழுக்கிறது அக்கா. மூச்சு நிற்கவில்லை. இது என் உடம்பே இல்லை." மாமியார் பால் ஊற சுறாப்புட்டு செய்து வைத்தால், தட்டு அப்படியே இருக்கும். பேறுக்குப் பிறகு வந்த சோர்வு என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். பேசப் பேசத்தான் தெரிந்தது, கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், முகத்தில் மங்கு விழுந்தபோதே அவள் கண்ணாடி பார்ப்பதை விட்டிருக்கிறாள்.

பேறான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அது பேறுக்குப் பிந்தைய மனச்சோர்வு என்ற நோயாக இருக்கலாம். அதைக் கண்டறிய 1987இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவான 10 கேள்விகள் இருக்கின்றன, கடந்த 7 நாட்களைப் பற்றியவை. ஆனால் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது "துக்கமாக இருக்கிறதா?" என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? பழைய ரவிக்கை சேருகிறதா, உடம்பு சொன்னபடி கேட்கிறதா என்று தொடங்கினால் பேச்சு தானே வரும். பிறகு தனியாக உட்கார்ந்து அந்தப் பத்தையும் கேட்பேன். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்ற கடைசிக் கேள்வியை ஒருபோதும் விடமாட்டேன்.

அந்தப் பாசி எடுப்பவளை மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்றதும் அவள் மாமியார் பதறினார். "பிள்ளை பெற்றவளைச் சங்கிலியில் போடச் சொல்கிறாயா அம்மா?" 2001இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட மாவட்டம் இது. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாது. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே போன்ற சோர்வைத் தரும், முதலில் ரத்தம் பார்ப்போம் என்றேன். பாலூட்டும்போதே எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு என்றேன். இரவில் மனம் தாங்காவிட்டால் பேச 14416 என்ற அரசின் இலவச எண்ணை எழுதிக் கொடுத்தேன். ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறியபோது குழந்தை மாமியார் மடியில் இருந்தது.

சில வாரங்களில் தூக்கம் வந்தது, பிறகு பசி வந்தது. வயிறு அப்படியேதான் இருந்தது. மறுபடி எப்போது பாசிக்குப் போகலாம் என்று கேட்டாள். தையலை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை முங்காதே, மற்றவர்கள் கொண்டுவரும் பாசியைக் கரையில் உலர்த்து என்றேன்.