நத்தார் சாப்பாடு எத்தனை மணிக்கு?

2023 டிசம்பர் 10, ஞாயிறு

இந்த வருடக் கலண்டர் எங்கள் வீட்டுச் சண்டைக்கென்றே அச்சடித்த மாதிரி இருக்கிறது. 24 ஞாயிறு, 25 திங்கள் நத்தார் (கிறிஸ்மஸ்), 26 உந்துவப் போயா (பௌர்ணமி விடுமுறை), 27 திருவாதிரை. இடைவெளியே இல்லை.

பூசை முடிந்து வீட்டுப்படி ஏறும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டார். "இந்த வருஷம் எப்ப சாப்புடுறதுன்னு இப்பவே பேசிருங்க. கடைசி நேரத்துல எனக்கு ஏலாது."

என்ன சமைப்பது என்பதில் எங்களுக்குள் தகராறு வந்ததே இல்லை. நெய்ச்சோறு, கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய் மோஜு, கட்லட், அப்புறம் கேக். நேரம்தான் பிரச்சினை. அம்மாவுக்கு 24 ராத்திரிப் பூசை முடிந்து வந்து இலை போட்டால்தான் நத்தார். அண்ணி பதுளை மெதடிஸ்ட் குடும்பம். 25 விடியற்காலை ஆராதனைக்குப் போய் வந்து இடியப்பமும் கோழிக்கறியுமாகச் சாப்பிடுகிற காலைச் சாப்பாடுதான் அவர்களுக்குப் பெரியது, பகல் சோறு சும்மா ஒப்புக்கு. தம்பி புறக்கோட்டையில் புடவைக்கடையில் வேலை செய்கிறான். கடைக்காரருக்கு 24 இரவுதான் அறுவடை, கடைசி ஆள் சாமான் வாங்கிப் போகும்வரை பொடியன்களை விடமாட்டார்கள். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். நத்தார் ராத்திரி ஹயரை விட்டுவிட்டு வீட்டில் வந்து உட்கார் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

அண்ணன் தொலைபேசியில், "அப்ப எல்லாரும் வந்து சேர்ந்தப்புறம் 26 வைப்போமே" என்றார். போயா அன்று இறைச்சிக்கடை திறக்காது. முதல் நாளே வாங்கி வைக்கலாம், எங்கள் டிக்கோயாத் தேயிலைத் தோட்டக் குளிரில் கறி கெடாது. ஆனாலும் போயாவன்று ஊரே அடங்கியிருக்கும்போது நம் வீட்டில் மட்டும் கோழிக்கறி மணப்பது சரியில்லை என்று அம்மா மறுத்துவிட்டார். அவர் வேறொன்றும் சொன்னார். 26ஆம் திகதியும் போயாவும் ஒன்றாக வந்தது 2004இல், சுனாமி வந்த நாள். 19 வருடத்துக்கு ஒருமுறை பௌர்ணமி அநேகமாக அதே திகதிக்குத் திரும்பும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். அம்மா படித்ததில்லை, ஞாபகத்திலிருந்தே சொன்னார்.

டிசம்பர் 14, வியாழன்

கேக் வேலை. கஜு நறுக்க அம்மா, ரவை வறுக்க நான். பூசணித் தோசியும் சௌசௌவும் ஹட்டனில் வாங்கியாயிற்று. இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வருகிற வருடம் இது, அதனால் முட்டையை மட்டும் எண்ணி எண்ணித்தான் உடைத்தோம். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாரிடமும் கேக் சுடுகிற அவன் அடுப்பு இல்லை. கலவையைத் தட்டில் ஊற்றிப் பேக்கரிக்குக் கொண்டுபோனால் பாண் சுட்ட சூட்டிலேயே சுட்டுக் கொடுப்பார்கள். நாளைக்கு முறை கிடைத்திருக்கிறது.

கை வேலை செய்யும்போதுதான் அம்மா கதை சொல்வார். தாத்தா பெரிய துரை பங்களாவில் சமையலும் பரிமாறலும் பார்க்கிற அப்புவாக இருந்தவர். துரைமார் நத்தார் விருந்தை 25 ராத்திரிதான் வைப்பார்களாம். சீமையில் ராஜாவோ ராணியோ பேசுகிற வானொலிப் பேச்சு அங்கே பகல் 3 மணிக்கு. 1932இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தொடங்கிவைத்த வழக்கம் அது. அங்கே 3 மணி என்றால் இங்கே இரவு எட்டரை. ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டுத்தான் மேசைக்கு வருவார்கள். கோழி ரோஸ்ட் போகும், பிராந்தி ஊற்றிக் கொளுத்திய புடிங் போகும், பிறகு கோப்பி போகும். அத்தனையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தாத்தா மலை இறங்கி லயத்துக்கு வரும்போது பிள்ளைகள் எல்லாரும் தூங்கியிருப்பார்கள்.

"அப்ப நீங்க எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"26 காலையில. அப்பா கொண்டாந்த மிச்சத்த சூடுகாட்டி."

வேலைக்காரருக்கு இனாமும் லீவும் கொடுக்கிற நாள் 26 என்பது இங்கிலாந்தில் பழைய வழக்கம்தான். எங்கள் தாத்தாவுக்கு லீவு கிடைத்ததா என்று அம்மா சொல்லவில்லை. கஜுவை இன்னும் சின்னதாக நறுக்கச் சொல்லி என்னைத்தான் பார்த்தார்.

டிசம்பர் 17, ஞாயிறு

ஃபாதர் பூசை நேரங்களை வாசித்தார். ஒரே ஃபாதர், பல தோட்டத்துக் கோயில்கள். 24 மாலை ஒரு தோட்டம், இருட்டியதும் அடுத்தது, நடுச்சாமப் பூசை பங்குக் கோயிலில், 25 காலை மீதித் தோட்டங்கள். சபை ஒழுங்கிலேயே நத்தாருக்குத் திருவிழிப்பு, நடுச்சாமம், விடியல், பகல் என்று நாலு பூசை இருக்கிறது, ஆகவே எது கிடைத்தாலும் குறையில்லை என்றார். எங்கள் கோயிலுக்கு இந்த வருடம் 24 இரவு ஒன்பது மணி. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 24ஆம் திகதி திருவருகைக்கால நான்காம் ஞாயிறும்தான். காலையில் ஞாயிறு பூசை, இரவில் நத்தார் பூசை, இரண்டுக்கும் வர வேண்டும், ஒன்று இன்னொன்றுக்குக் கணக்கில்லை. பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டது மைக்கில் கேட்டிருக்கும்.

பக்கத்துக் காம்பரா அக்கா வீட்டில் நாளை விடியற்காலையிலிருந்து திருவெம்பாவை விரதம். திருவாதிரை முடியும்வரை மச்சம் மாமிசம் கிடையாது. "உங்க கோழிய இந்த வருஷம் நாங்க மோந்துதான் பாக்கணும்" என்று சிரித்தார்.

டிசம்பர் 20, புதன்

இத்தாலியில், நேப்பிள்ஸிலிருந்து என் கூடப்பிறந்த அக்கா கூப்பிட்டாள். அங்கே ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலை. அந்த வீட்டில் 24 இரவுதான் பெருஞ்சாப்பாடாம், அதில் இறைச்சியே கிடையாதாம். சிப்பி போட்ட ஸ்பகெட்டி, உப்புக்கண்ட மீன், விலாங்கு. விலாங்கை உயிரோடு வாங்கிவந்து தொட்டியில் போட்டுவைத்திருக்கிறார்கள், பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது என்றாள். இறைச்சியெல்லாம் 25 பகலுக்கு.

"அது நம்ம சுத்தபோசனம்தானே" என்றார் அம்மா, உடனே. அம்மா சிறுமியாக இருந்தபோது 24 ஒருசந்தி நாள். முழுச் சாப்பாடு ஒரு வேளைதான், அதிலும் இறைச்சி கூடாது. 1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் ஒருசந்திச் சட்டங்களைத் தளர்த்தியபோது அந்தக் கட்டாயம் போய்விட்டது. நன்மை (நற்கருணை) வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்ற பழைய விதியும் 1957இல் மூன்று மணி நேரமாகி, 1964இல் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டு, ராத்திரிப் பூசை கண்டு, வந்து சாப்பிட்ட சாப்பாடு என்பதால்தான் அம்மாவுக்கு அந்த நேரத்தின் மேல் அவ்வளவு பிடி. சட்டம் போனாலும் பசித்த ஞாபகம் போகவில்லை.

"ஆனா இறைச்சி கூடாதுன்னது எங்களுக்கு ஒரு பாரமா தெரியல்ல. வருஷம் பூரா சுத்தபோசனம்தான் அப்பல்லாம்" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அக்கா இன்னொன்று சொன்னாள். ரோமில் பாப்பரசரின் நத்தார் இரவுப் பூசை இந்த வருடம் நடுச்சாமத்தில் இல்லை, மாலை ஏழரைக்கே. அவர்களுக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே ஏழரை என்றால் டிக்கோயாவில் சரியாக இரவு 12. அம்மாவுக்கு இதைக் கேட்டதும் பரம சந்தோஷம். போனில் அந்தப் பூசையைப் போட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

டிசம்பர் 23, சனி

பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) இன்று அரை நாள். தாய்மார் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நேரே டவுனுக்குப் போனார்கள். ஒரு நாள் பேர், அதாவது நாட்சம்பளம், இந்த வருடம் 1000 ரூபாய். ஒரு கிலோ கோழி அதைத் தாண்டிவிட்டது.

நேரம் முடிவாகிவிட்டது. 25 பகல். முடிவு செய்தது நான். ராத்திரி ஒரு மணிக்குச் சுடச்சுடச் சாப்பிட வேண்டும் என்று கேட்பவர்கள் யாரும் அடுப்பை எத்தனை மணிக்கு மூட்டுவது என்று கேட்பதில்லை. ஒன்பது மணிப் பூசைக்குப் போக வேண்டுமானால் எட்டுக்குள் எல்லாம் இறக்கியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு மணிக்கே விறகு எரிய வேண்டும். பூசையில் நின்றுகொண்டு நெய்ச்சோறு அடிப்பிடித்திருக்குமோ என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை. அண்ணியும் என் பக்கம். அண்ணன் வழக்கம்போல, "நீங்க சொன்னா சரி."

டிசம்பர் 24, ஞாயிறு

காலைப் பூசை, இரவுப் பூசை, இரண்டும் ஆயிற்று. அம்மா பகலில் ஒரு வேளை பருப்பும் சோறும் மட்டும் சாப்பிட்டார். கேட்டால், "யாரும் சொல்லல்ல, நானாத்தான்" என்கிறார்.

கோயில் வாசலில் பொலிஸ் இரண்டு பேர். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எந்தப் பெருநாளுக்கும் இதுதான் நிலைமை. பைகளைத் திறந்து பார்த்தார்கள். அம்மாவின் பையில் செபமாலையும் ஒரு துண்டு கேக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த லயத்துப் பிள்ளைகள் கரோல் பாடிக்கொண்டு இஸ்தோப்பு (முன்திண்ணை) வரைக்கும் வந்தார்கள். அவர்களுக்கு ப்ளேன்டீயும் முறுக்கும் கொடுத்தோம். 12 மணிக்கு அம்மா போனில் ரோமைப் பார்த்தார். சிக்னல் நின்று நின்று வந்தது. பார்த்து முடித்துவிட்டு கொக்கீஸும் கேக்கும் சாப்பிட்டார், நானும் கூட உட்கார்ந்தேன். கோழி இல்லை என்று அவர் குறைப்படவில்லை. குறைப்பட்டிருந்தாலும் கோழி இன்னும் கழுவாமல்தான் இருந்தது.

வீட்டுக்காரர் வரும்போது இரண்டரை. நல்ல ஹயர். பொகவந்தலாவை வரை போய் வந்திருக்கிறார்.

டிசம்பர் 25, திங்கள்

தம்பி விடியும்போது வந்து சேர்ந்தான். கடையில் 11 மணிக்கு மேல்தான் விட்டார்களாம். கொழும்பிலிருந்து ஹட்டன் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான், அவிசாவளையில் இறங்குவார்கள் என்று நம்பி நின்றதில் ஒருவரும் இறங்கவில்லையாம். எனக்கு ஒரு சாரி, அம்மாவுக்கு ஒரு சால்வை. கொடுத்துவிட்டுக் கட்டிலில் விழுந்தவன்தான்.

அண்ணன் குடும்பம் பதுளையில் ஆராதனை முடிந்து, அங்கே காலைச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு பஸ் ஏறியது. வெலிமடையில் ஒரு பஸ், நுவரெலியாவில் ஒரு பஸ். 12 மணிக்கு வந்துவிடுவோம் என்றார்கள். 12க்கு நானுஓயாவில் இருக்கிறோம் என்றார்கள். ஒரு மணிக்குத் தலவாக்கலை. தம்பி எழுந்து வந்து சட்டி மூடியைத் திறந்து திறந்து மூடினான். வீட்டுக்காரர் ஆட்டோவைக் கழுவுகிறேன் என்று வெளியே போய் அங்கிருந்தபடியே, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார். பகல் 12 என்று நான் வைத்த நேரத்தைத் தள்ளிக்கொண்டே போனது பஸ். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரியே சாப்பிட்டிருக்கலாம் என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

இரண்டேகாலுக்கு வந்தார்கள். அண்ணியின் பிள்ளைகளுக்குப் பசியே இல்லை, இடியப்பம் இன்னும் வயிற்றில் இருந்தது. தம்பியோ மூன்று தரம் சோறு வாங்கினான். அண்ணி கையோடு ஒரு சட்டி மாட்டிறைச்சிப் பொரியல் கொண்டு வந்திருந்தார். கோழியை விட அதற்குத்தான் கிராக்கி. எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்க இடம் போதாது, ஆனாலும் நான் பந்தி பிரிக்கவில்லை. பாயைப் போட்டு இஸ்தோப்பு வரைக்கும் உட்கார்ந்தோம், நானும் கூடவே உட்கார்ந்தேன். வேண்டியதை அவரவர் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இதை எழுதக் காரணம், மற்ற வருடங்களில் நான் கடைசிப் பந்தி.

அக்கா வீடியோ கோலில் வந்தாள். அவளுக்கு அங்கே காலை பத்தரை. இனிமேல்தான் அந்த வீட்டில் பகல் சாப்பாட்டுக்கு வேலை தொடங்க வேண்டும். எங்கள் தட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னாள்.

டிசம்பர் 26, செவ்வாய்

போயா. பருப்பு, சம்பல், பாண். நேற்றைய கோழிக்கறியில் ஒரு சட்டியை மூடி எடுத்து வைத்திருக்கிறேன். தம்பி மாலை பஸ்ஸில் திரும்பிவிட்டான், நாளைக்குக் கடை திறக்கிறதாம்.

டிசம்பர் 28, வியாழன்

நேற்றோடு திருவாதிரை முடிந்தது. இன்று இரவு பக்கத்துக் காம்பரா அக்காவும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில். மூடி வைத்த கறியைக் காலை மாலை சூடுகாட்டிச் சூடுகாட்டி நல்ல சுண்டலாகிவிட்டது, அது போதாதென்று புதிதாகவும் ஒரு கோழி வாங்கினோம். கேக் கடைசித் துண்டுகள். நெய்ச்சோறு இல்லை, ரொட்டி. மூத்த பையன் எலும்பைக்கூட விடவில்லை.

போகும்போது அக்கா சொன்னார். "தைப்பொங்கலுக்கு நம்ம வீட்டுல. திங்கக்கெழம வருது. சூரியன் வரும்போது பொங்கிருவோம், ஒங்க வீடு மாதிரி ரெண்டே கால் வரைக்கும் இழுக்க மாட்டோம்."

தம்பிக்கு அன்று லீவு கிடைக்காது. அண்ணன் வருவதாகச் சொல்கிறார், விடியற்காலை பதுளையிலிருந்து எந்த பஸ்ஸில் வருவார் என்று மட்டும் சொல்லவில்லை.