மூச்சு திரும்பும் நேரம்

சென்னை கால்பந்து லீக்கின் கீழ்ப் பிரிவு ஒன்றில் நான் இடது ஓரத் தடுப்பாட்டக்காரனாக ஆடிய காலத்தில், போட்டிகள் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் பயிற்சியாளர் எல்லோரையும் விடியற்காலை ஐந்து மணிக்கு மெரினாவுக்கு வரச்சொல்லி, உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை மணலில் ஓடவிடுவார். முதல் ஆட்டம் வருவதற்குள் பாதிப் பேருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு ஓடியும் எழுபதாவது நிமிடத்துக்கு மேல் கால் ஏன் எழவில்லை என்பது எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. 2002 உலகக் கோப்பையில் தென் கொரிய அணியைப் பார்த்த பிறகுதான் எனக்கு விடை பிடிபடத் தொடங்கியது.

ஓர் ஆட்டத்தில் ஒரு வீரர் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை கடக்கிறார் என்றாலும், அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும்தான். கோல் விழுவதும் தடுக்கப்படுவதும் இடையிடையே வரும் சில விநாடிப் பாய்ச்சல்களில். ஒரு முறை பாய்ந்தவர், மூச்சு திரும்பி, அதே வேகத்தில் அடுத்த முறை எப்போது பாய்வார் என்பதே கேள்வி. கடற்கரை மணலில் ஒரே சீராக ஓடிய எங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை.

2001 ஜனவரியில் கொரிய அணியின் பொறுப்பேற்ற நெதர்லாந்துக்காரர் கூஸ் ஹிடிங்க் கண்டதும் ஏறத்தாழ இதுதான். தங்கள் வீரர்களுக்கு உடல்வலு உண்டு, நுட்பம்தான் போதாது என்று கொரியர்கள் நம்பியிருக்க, அவர் அதைத் தலைகீழாகத் திருப்பினார். அந்த ஆண்டே பிரான்ஸிடமும் செக் குடியரசிடமும் 5-0 என்று தோற்றதால், ‘ஐந்துக்குப் பூஜ்யம்’ என்பதே அவருடைய பட்டப்பெயராகிவிட்டது. அவர் அசையவில்லை. உடற்தகுதிக்கென ரேமண்ட் வெர்ஹைஜனை அழைத்துவந்தார். இருபது மீட்டர் இடைவெளியில் ஒலிக்கேற்ப இங்கும் அங்கும் ஓடும் சோதனை, மார்பில் இதயத்துடிப்பு அளக்கும் பட்டை, சின்னக் களத்தில் சில பேர் மட்டும் மோதும் ஆட்டங்கள் என்று எல்லாமே ஓட்டத்தையும் மீட்சியையும் சேர்த்தே பழக்கின. போட்டி நெருங்கிய மே மாதத்தில் இங்கிலாந்துடன் 1-1, பிரான்ஸிடம் 2-3 என்ற முடிவுகள் வந்தபோது கேலி அடங்கிவிட்டது.

இதில் ஒரு சலுகை இருந்ததையும் சொல்லியாக வேண்டும். உள்ளூர் கிளப்கள் தங்கள் வீரர்களை நீண்ட முகாம்களுக்கு விட்டுக்கொடுத்தன. ஐரோப்பிய அணிகளுக்கு அது கனவு. மே 15-இல் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கோல் அடித்த பிரான்ஸ் நட்சத்திரம் ஜிடேன், பதினொரு நாள் கழித்து அதே கொரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் தொடைத் தசையில் காயப்பட்டு, உலகக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களில் ஆடவில்லை. நடப்புச் சாம்பியனான பிரான்ஸ் ஒரு கோல்கூட அடிக்காமல் வீடு திரும்பியது. களைப்பு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கால்களில் புத்துணர்ச்சி இல்லை.

ஜூன் 18 அன்று இத்தாலியுடனான ஆட்டம் நமக்கு மாலை ஐந்து மணிக்கு. புரசைவாக்கத்தில் நண்பன் வீட்டில் எட்டுப் பேர் ஒரு மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து பார்த்தோம். 18-ஆவது நிமிடத்திலிருந்தே பின்தங்கியிருந்த நிலையில், ஹிடிங்க் தற்காப்பில் ஆடியவர்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்துவிட்டு முன்கள வீரர்களை இறக்கினார். மீதமிருப்பவர்கள் ஓடி ஈடுகட்டுவார்கள் என்ற உறுதி இல்லாத ஒருவர் அதைச் செய்யத் துணியமாட்டார். 88-ஆவது நிமிடத்தில் சோல் கி-ஹியோன் சமன் செய்தார். 117-ஆவது நிமிடத்தில் ஆன் ஜுங்-ஹ்வான் தலையால் முட்டித் தங்க கோல் அடித்தார்; கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்துவிடும் என்பது அப்போதைய விதி. நடுவரின் முடிவுகளைப் பற்றி இத்தாலியர்கள் இன்றும் புலம்புகிறார்கள், அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் கடைசி அரைமணி நேரத்தில் கொரியர்கள் ஓடிய ஓட்டத்தை எந்த நடுவரும் தந்துவிட முடியாது.

அந்த ஓட்டத்துக்கும் எல்லை வந்தது. நான்கு நாள் கழித்து ஸ்பெயினுடன் மீண்டும் 120 நிமிடம் ஆடி, பெனால்டியில் வென்றார்கள். அடுத்த மூன்றாம் நாளே அரையிறுதி. எதிரே நின்ற ஜெர்மனியோ காலிறுதியைத் தொண்ணூறு நிமிடத்திலேயே முடித்து, ஒரு நாள் கூடுதலாகவும் ஓய்வெடுத்திருந்தது. 75-ஆவது நிமிடத்தில் பல்லாக் அடித்த கோலுக்குப் பதில் சொல்லக் கொரியாவால் முடியவில்லை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் துருக்கியின் ஹகான் ஷுகுர் பதினோரு விநாடிக்குள் கோல் அடித்தபோது, பந்தைக் கோட்டைவிட்டவர் கொரிய அணியின் மூத்த வீரர்களில் ஒருவரான ஹோங் மியுங்-போ.